முசியே ஷாலும் 27,000 கடிதங்களும்

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ‘ரெலசியோன் த ஷால்’ மறந்திருக்காது. ஒரு கோட்டில் மூன்று புள்ளிகள் எந்த வரிசையில் இருந்தாலும், ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி, இரண்டையும் திசையோடு கூட்டினால் ஏ-யிலிருந்து சி. வாத்தியார் அந்தப் பெயரைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் ஒருவன் கைக்குட்டையைத் தோளில் போர்த்திக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும்.

அந்த மிஷேல் ஷால் (1793–1880) பெரிய கணித மேதை. பாரிஸ் அறிவியல் அகாதெமியின் உறுப்பினர். அவர் ஒரு பெரிய மோசடியில் சிக்கினார் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். ஏமாற்றியவன் நம்மைப் போல ஒரு குமாஸ்தா என்று தெரிந்ததும், எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவன் பெயர் வ்ரேன் லுக்கா. ஷால் பிறந்த அதே பகுதிக்காரன். வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து பாரிசுக்கு வந்தவன். 1861 வாக்கில், பழைய கடிதங்களைச் சேர்க்கும் ஆசை கொண்ட ஷாலை அணுகினான். புரட்சிக் காலத்தில் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஒரு கோமகனின் சேகரிப்பு தன் வழியாக விற்பனைக்கு வருகிறது என்றான். கப்பல் விபத்தில் நனைந்ததால் தாள்கள் பழுதாகிவிட்டன என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தான். உண்மையில் பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்து, அவற்றில் தானே எழுதினான். எட்டு ஆண்டுகளில் ஷால் வாங்கியவை சுமார் 27,000 கடிதங்கள். கொடுத்த பணம் 1,40,000 பிராங்குக்கும் அதிகம். கிளியோபாத்ரா சீசருக்கு எழுதியதும் அதில் உண்டு, மகதலேனா மரியாள் லாசருக்கு எழுதியதும் உண்டு. எல்லாம் பிரெஞ்சு மொழியில்!

அவர் தன் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் இது ஒரு முதியவரின் பைத்தியக்கார ஆசையோடு முடிந்திருக்கும். ஆனால் 1867 ஜூலையில் சில கடிதங்களை அகாதெமியில் வாசித்தார். புவியீர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்பே எங்கள் பாஸ்கல் கண்டுபிடித்துவிட்டார் என்பதே அவற்றின் சாரம். அகாதெமிக்கு 1835 முதல் ‘கோந்த் ராந்த்யூ’ என்ற வார இதழ் இருந்தது. திங்கட்கிழமை கூட்டத்தில் உறுப்பினர் படித்ததை உடனே அச்சிட்டு உலகெங்கும் அனுப்புவார்கள். இந்தக் கடிதங்களும் அப்படியே அச்சாயின.

மறுப்புகள் வரத் தொடங்கின. 1654-ல் பாஸ்கலோடு ஈர்ப்பு விசையைப் பற்றிக் கடிதம் எழுதியதாகச் சொல்லப்பட்ட நியூட்டனுக்கு அப்போது வயது பதினொன்று என்று, அவர் வரலாற்றை எழுதிய டேவிட் புரூஸ்டர் சுட்டிக்காட்டினார். கிளாஸ்கோ வானியலாளர் ராபர்ட் கிரான்ட் இன்னும் ஆழமாகப் போனார். பாஸ்கல் எழுதியதாகச் சொன்ன கோள்களின் கணக்குகள், நியூட்டன் நூலின் 1726-ம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் உள்ளவை. பாஸ்கல் இறந்ததோ 1662-ல். கண்பார்வை போன பிறகான தேதியில் கலிலியோ எழுதிய கடிதமும் கிளம்பியது. ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த சில நாளில் ஷாலிடம் புதிய கடிதம் ஒன்று பதிலாக வந்தது. அதை எழுதித் தந்தவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. விற்றவன் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள், ஷால் மறுத்துவிட்டார். அங்கேதான் இதழ் தவறியது என்பது என் எண்ணம். மூலம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாதவரின் கட்டுரையை, அவர் பெரியவர் என்பதற்காக அச்சிட்டார்கள். ஆனால் ஒன்றைப் பாராட்ட வேண்டும். மறுத்தவர்களின் கடிதங்களையும் அதே இதழில், அதே எழுத்தில் போட்டார்கள். 1869 செப்டம்பரில் லுக்கா கைதானதும், தான் ஏமாந்ததை ஷால் அதே அகாதெமியில் எழுந்து ஒப்புக்கொண்டார். அதுவும் அதே இதழில் அச்சானது. 1870 பிப்ரவரியில் லுக்காவுக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இதைப் படித்தபோது என் பழைய பாவம் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரில் மரியாதைப்பட்ட ஒரு பெரியவர் பிறப்புச் சான்றின் நகலோடு வந்தார். ‘கோப்பி கோன்ஃபோர்ம்’ முத்திரை போட, எத்தா சிவில் பதிவோடு ஒப்பிட வேண்டும். பதிவேடு மேல் பரணில் இருந்தது. இவரையா சந்தேகப்படுவது என்று, ‘ஒப்பிட்டேன்’ என எழுதிக் கையொப்பத்துக்கு அனுப்பினேன். சில மாதம் கழித்து, பிறந்த ஆண்டில் இரண்டு வருடம் வித்தியாசம் என்று கண்டுபிடித்தார்கள். என் மேலதிகாரி திட்டவில்லை. அதே கோப்பை என் முன் வைத்து, “நீ எழுதின இடத்துக்குக் கீழேயே எழுதப்பா” என்றார். மூலத்தைப் பார்க்காமல் எழுதியது என் தவறு என்று சிவப்பு மையில் எழுதினேன். கை நடுங்கியது.

இன்று ஆய்விதழ்களுக்கு எழுதப்பட்ட நெறிமுறைகள் உண்டு. 1997-ல் இங்கிலாந்தில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடி, இதற்கென ஒரு குழுவையே தொடங்கினார்கள். தரவு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் காட்ட வேண்டும். பிழை தெரிந்தால் கட்டுரையைத் திரும்பப் பெற்று, அதை எல்லோரும் காணும்படி அறிவிக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. புதிதாக ஒன்றுமில்லை. மூலத்தைப் பார், தப்பென்றால் எழுதின இடத்திலேயே திருத்து. எந்தப் பழைய குமாஸ்தாவுக்கும் தெரிந்த விதிதான்.

எழுபத்தைந்து வயதில் ஷால் சபை நடுவே நின்று “ஏமாந்துவிட்டேன்” என்றார். அவர் பெயரைக் கேட்டுச் சிரித்ததற்காக இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏமாந்ததை அவர் மறைத்திருந்தால், பாஸ்கல்தான் முதலில் கண்டார் என்று இன்றும் யாராவது ஒரு பள்ளிப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்திருப்போமோ என்னவோ.