கனி கரையில், காய் கப்பலில்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டி காரைக்காலில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது கூட்டத்துக்கு ஒரு கண் சாமிமேல், இன்னொரு கண் மாடிமேல். படைத்த மாம்பழங்களை மொட்டைமாடியிலிருந்தும் வாசல் திண்ணையிலிருந்தும் வீசுகிறார்கள். கீழே ஒருவர் துண்டை விரிக்கிறார், ஒருத்தி முந்தானையை ஏந்துகிறாள். அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. கைதவறிய பழம் தோளிலும் தலையிலும் விழும். அடி வாங்கியவரும் சிரித்துக்கொண்டே அதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார். பக்தியும் குதூகலமும் இப்படி ஒன்றாகக் கலந்த இந்த நாளுக்கு மாங்கனித் திருவிழா என்று பெயர்.

கதை ஊரறிந்தது. வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய மாம்பழம் இரண்டு. பசியோடு ஒரு சிவனடியார் வந்தபோது சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. மனைவி புனிதவதி ஒரு பழத்தை இலையில் வைத்து அவரை உண்ணச் செய்தாள். மதியம் கணவன் மற்றதைத் தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்டான். அவள் இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாக இருந்ததால்தான் அவனுக்குச் சந்தேகமே எழுந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துச் சொன்ன இந்த வரலாற்றில் திருப்பத்தை உண்டாக்குவது ஒரு மனிதனின் நாக்கு. முதல் பழத்துக்கும் இரண்டாம் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனாக அவன் இருந்திருந்தால் புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆகியிருப்பாளா? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இனி சொல்லுக்கு வருவோம். மரத்தின் பழைய பெயர் வெறும் ‘மா’. ஓரெழுத்துச் சொல்; விலங்கும் மா, அரிசி இடித்தால் அதுவும் மா. காவிரிப் படுகையில் நிலமும் மா: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆகவே ஒரு மா நிலத்தில் நாலு மா நட்டேன் என்று இங்கே ஒருவர் சொன்னால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

இந்த ‘மா’வின் பின்னால் வல்லினம் வந்தால் நடுவில் அதற்கு இனமான மெல்லெழுத்து ஒன்று முளைக்கும். காய் வந்தால் ங்: மாங்காய். சோலை வந்தால் ஞ்: மாஞ்சோலை. தளிர் வந்தால் ந்: மாந்தளிர். பழம் வந்தால் ம்: மாம்பழம். வல்லினம் வராவிட்டால் மெல்லெழுத்து முளைக்காது: மாவிலை, மாவடு. மரப்பெயர்களுக்கு இலக்கண நூலார் எழுதிவைத்த விதி இது. விதியைப் படிக்காத பாட்டியும் இதில் ஒரு நாளும் தவறுவதில்லை.

அந்த ‘ங்’ இன்று உலகம் முழுக்க ஒலிக்கிறது. போர்ச்சுகீசியர் 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். 1510இல் ரோமில் அச்சான இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் பயண நூலிலேயே ‘மங்கா’ இருக்கிறது. கோவாவில் மருத்துவராக இருந்த கார்சியா த ஓர்த்தா 1563இல் தம் மூலிகை நூலில் ‘மங்கா’வைப் பற்றி விரிவாக எழுதினார். மேற்குக் கரையில் கால்வைத்தவர்கள் என்பதால் மலையாள ‘மாங்ங’ வழியாகவே அது போர்ச்சுகீசியத்துக்குப் போனது என்று அகராதிகள் சொல்கின்றன. மாவும் காயும் இரண்டு மொழிக்கும் பொதுச்சொத்து என்பதால் இதில் வழக்காட ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் அது மேங்கோ ஆயிற்று, பிரெஞ்சில் ‘மாங்’. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் மரத்துக்கு இட்ட பெயர் மாங்கிஃபெரா இண்டிகா. மாங்காயைச் சுமக்கும் இந்திய மரம் என்று பொருள். லத்தீனுக்குள்ளும் நம் ‘ங்’ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த மாலுமிகள் காதில் காய்க்குப் பதில் பழம் விழுந்திருந்தால் இன்று லண்டன் கடையில் ‘மேம்பா’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள்!

கனிந்து மணக்கிற பழத்துக்குக் காயின் பெயரா என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரருக்கு அது சரியான பெயர்தான். மாதக்கணக்கில் ஓடும் பாய்மரக் கப்பலில் பழம் தாங்காது. உப்பிலும் வினிகரிலும் ஊறிய காய்தான் கரை சேர்ந்தது. அதனால் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் நூல்களில் ‘மேங்கோ’ என்றாலே ஏறக்குறைய ஊறுகாய். முலாம்பழத்தையும் வெள்ளரியையும் குடைந்து மசாலா அடைத்து ஊறப்போட்டு, அதற்கும் மேங்கோ என்று பேர் வைத்தார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா பக்கம் குடைமிளகாயையே மேங்கோ என்று அழைத்தவர்கள் உண்டு. மாமரத்தைக் கண்ணால் பார்க்காத ஊரில் மிளகாய் மாங்காய் ஆனது.

காரைக்காலிலிருந்து போன கப்பல்கள் வேறு வகை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த இந்தத் துறை, 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகள் ஏறிய துறைகளில் ஒன்று. ரீயூனியனுக்கும், 1850களில் தொடங்கி மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. ரீயூனியன் வீடுகளில் இன்றும் சோற்றோடு ஒரு துணைக்கறி வைக்கிறார்கள். பச்சை மாங்காயைத் துருவி அல்லது இடித்து, பச்சைமிளகாய், வெங்காயம், உப்பு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பிசைந்தது. பெயர் ‘ரூகாய் மாங்’. பிரெஞ்சு எழுத்தில் ரூகாயின் கடைசியில் ஒரு ‘ல்’ நிற்கும். வாயில் அது வராது. ‘ஊ’வை உதறிய நம் ஊறுகாய்தான் அது. ஆக, தட்டில் இருப்பது ஊறுகாய் மாங்காய். இரண்டு சொல்லும் காயில் பிறந்தவை. ஒன்று தொழிலாளியின் வாயோடு நேராகப் போய்ச் சேர்ந்தது, மற்றது லிஸ்பன், பாரிஸ் என்று சுற்றிக்கொண்டு வந்து அதே கிண்ணத்தில் விழுந்தது. பிறகு ரூகாய் அங்கே தானாக வளர்ந்துகொண்டது: தக்காளி ரூகாய், வேர்க்கடலை ரூகாய். பன்றிக்கறித் தொத்திறைச்சியைத் தக்காளியோடு வதக்கினால் அதுவும் ரூகாய். இதைக் கேட்டு நம் பாட்டிமார் முகம் சுளிப்பார்களோ, கைப்பக்குவம் கேட்பார்களோ!

காரைக்கால் வீடுகளில் காய்க்குக் குறைவான மரியாதை என்று நினைக்க வேண்டாம். கடற்கரை ஊர், மாங்காய்ப் பருவத்தில் மீன்குழம்புக்குப் புளியைக் குறைத்துக் கரைப்பார்கள். தோலோடு, கொட்டையோடு வெட்டிய துண்டுகளைக் குழம்பு கொதித்த பிறகு போட்டு, அவை பாதி வெந்ததும் மீனைப் போட வேண்டும். சதை குழம்போடு கரைந்துவிடக் கூடாது, கொட்டையைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அந்தக் கொட்டையைச் சப்புவதற்குப் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். மறுநாள் பழங்குழம்பில் இருக்கும் துண்டுக்குச் சண்டை இன்னும் பெரிது.

‘மேங்கோ’ ஊர் திரும்பியும் பல காலம் ஆகிறது. இப்போது இங்குள்ள மளிகைக் கடையில் அது இரண்டு பாட்டில்களின் மேல் ஒட்டியிருக்கிறது: ஊறுகாய் பாட்டிலில் மேங்கோ என்றால் காய், பக்கத்திலேயே குளிர்பான பாட்டிலில் மேங்கோ என்றால் பழம்.