பிரித்து வைத்த பெட்டிகள்: வூஸ்டர் நகரத்து வேலன்டைன் அட்டைத் தொழில்

பிப்ரவரி 14-ஆம் நாளன்று அன்புக்குரியவர்களுக்கு அனுப்பப்படும் வேலன்டைன் வாழ்த்து அட்டையைச் செய்வது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தின் பெயர்பெற்ற தொழில்களுள் ஒன்றாக விளங்கியது. அத்தொழில் அச்சகத்திலோ ஆலையிலோ தொடங்காமல், ஒரு வணிகக் குடும்பத்தின் வீட்டு மாடியறையில் தொடங்கியது. அந்த அட்டைகளின் அழகைப் பற்றியே பெரும்பாலும் பேசப்பட்டாலும், அத்தொழிலை நிலைபெறச் செய்தது தாள், படம், பசை, பாட்டு ஆகியவற்றை வகைபிரித்து வைத்து, வேலையையும் அவ்வாறே பங்கிட்டுக் கொடுத்த ஒழுங்குமுறையாகும்.

இத்தகைய தொழில் தோன்றுவதற்கு இரண்டு மாற்றங்கள் வழிவகுத்தன. முதலாவது, அஞ்சல் கட்டணத்தின் வீழ்ச்சி. கடிதம் செல்லும் தொலைவையும் அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கிய காலத்தில், உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டதால், பல அடுக்குகள் கொண்ட அட்டையை உறையிலிட்டு அனுப்புவது செலவு மிகுந்ததாயிருந்தது. பிரிட்டனில் 1840-இல் நடைமுறைக்கு வந்த ஒரு பென்னி அஞ்சலும், அமெரிக்காவில் 1845-இல் வந்த சட்டமும் தாள் எண்ணிக்கையைக் கைவிட்டு எடையை அளவுகோலாக்கின. அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதம் அமெரிக்காவில் 300 மைல் வரை 5 சென்ட் கட்டணத்தில் சென்றது. இரண்டாவது, லேஸ் தாளின் வருகை. நூலால் பின்னப்படும் லேஸைப் போன்று துளைகள் நிறைந்த இத்தாளைச் செய்ய, ஈரமாக்கிய தாளைச் செதுக்கிய அச்சின் மேல் அழுத்திப் புடைப்பு எடுத்து, மேலெழுந்த பகுதிகளை அரத்தால் தேய்த்து நீக்கினர். லண்டன் தாள் வணிக நிறுவனமான டாப்ஸில் பணியாற்றிய ஜோசப் ஆடன்புரூக் என்பவர் 1830-களில் இம்முறையைத் தற்செயலாகக் கண்டறிந்ததாகச் சொல்லப்படுகிறது.

இங்கிலாந்திலிருந்து வந்த அத்தகைய அட்டையொன்று, 1847-இல் மவுன்ட் ஹோலியோக் பெண்கள் கல்விநிலையத்தில் படிப்பை முடித்திருந்த எஸ்தர் ஹௌலண்டின் கைக்குக் கிடைத்தது. 1828-இல் பிறந்த அவர், வூஸ்டரில் புத்தகமும் எழுதுபொருளும் விற்ற சவுத்வொர்த் ஹௌலண்டின் மகள். நியூயார்க்கில் ராபர்ட் எல்ட்டன் போன்றோர் முன்னரே வேலன்டைன் அட்டைகளை அச்சிட்டு விற்றுவந்ததால், அமெரிக்காவில் முதன்முதலாக அவற்றைச் செய்தவர் எஸ்தர் என்று கூறுவதற்கில்லை. லேஸ் தாளும் வண்ணப்படமும் அடுக்கிய இங்கிலாந்து பாணி அட்டையை உள்ளூர்க் கைகளால் பெருமளவில் செய்ய முடியும் என்று காட்டியதே அவருடைய பங்களிப்பு. தந்தையின் கடைவழியாக லேஸ் தாளையும் மலர்ப்படங்களையும் தருவித்து, அவர் சில மாதிரி அட்டைகளைச் செய்தார். விற்பனைப் பயணம் புறப்பட்ட சகோதரர் அவற்றை உடன்கொண்டு சென்றார். 200 டாலர் அளவுக்குக் கேட்பு வரலாம் என்று எதிர்பார்த்திருந்த நிலையில், 5000 டாலருக்கும் மேற்பட்ட கேட்புகளோடு அவர் திரும்பினார் என்று மரபாகச் சொல்லப்படுகிறது.

ஒருவர் கைவேலையால் நிறைவேற்றக்கூடிய அளவை அக்கேட்புகள் கடந்துவிட்டமையால், எஸ்தர் தம் தோழியரை அழைத்து, சம்மர் தெருவிலிருந்த வீட்டின் மூன்றாம் தளத்து அறையைப் பணியிடமாக்கினார். அங்கு முழு அட்டையையும் ஒருவரே செய்யும் வழக்கம் கைவிடப்பட்டது. ஒருத்தி அச்சிட்ட தாள்களிலிருந்து படங்களை வெட்டியெடுத்து வகைவாரியாக அடுக்க, அடுத்தவள் அடித்தாளைத் தயாரிக்க, அதற்கடுத்தவள் எஸ்தர் செய்துவைத்த மாதிரியைப் பார்த்து அவற்றை ஒட்ட, அட்டை கைமாறிக் கைமாறி நிறைவெய்தியது. வேலை பெருகியபோது, வீட்டைவிட்டு வெளியே வர இயலாத பெண்களுக்கும் இம்முறை விரிவுபடுத்தப்பட்டது. குறிப்பிட்ட ஒரு மாதிரிக்கு வேண்டிய தாள்கள், படங்கள், அலங்காரத் துண்டுகள் அனைத்தும் அளவாக இடப்பட்ட பெட்டிகள் அவர்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டு, செய்துமுடித்த அட்டைகள் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டு, எஸ்தரின் பார்வைக்கு உட்பட்டன. பொருள்களைத் தேர்ந்து சேர்க்கும் முடிவு பெட்டியை நிரப்பும்போதே எடுக்கப்பட்டுவிட்டதால், பல வீடுகளில் செய்யப்பட்ட அட்டைகளும் ஒரே தரத்தில் அமைந்தன.

அட்டையின் அமைப்பும் இந்தப் பிரிவினைக்கு ஏற்றதாயிருந்தது. வெண்ணிற லேஸ் தாளின் துளைகள் தெளிவாகத் தெரியும்பொருட்டு அதனடியில் பளபளப்பான வண்ணத்தாள் துண்டு வைக்கப்பட்டது. மேலடுக்குகள் சற்று உயர்ந்து நிற்கும்படி, மடித்த தாள் பட்டைகள் வில்போல் இடையில் ஒட்டப்பட்டன. பாட்டு முகப்பில் அச்சிடப்படாமல், தனித்தாளில் அச்சிட்டு உட்புறத்தில் ஒட்டப்பட்டது. அட்டையின் அழகு பிடித்திருந்தும் பாட்டு பிடிக்காத வாடிக்கையாளர், வேறொன்றைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் ஒட்டிக்கொள்வதற்காக, நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் கொண்ட தொகுப்பொன்று 1879-இல் வெளியிடப்பட்டது. பாட்டும்கூட வகைபிரித்து வைக்கத்தக்க உதிரிப் பொருளாயிற்று. அட்டைகளின் பின்புறத்தில் இடம்பெற்ற எச் என்னும் சிறிய சிவப்பு எழுத்து எஸ்தருடைய முத்திரையாகும்.

1870-களில் நியூ இங்கிலாந்து வேலன்டைன் கம்பெனி என்ற பெயரில் அமைந்த இந்நிறுவனத்தை, நோயுற்ற தந்தையைப் பேணும்பொருட்டு எஸ்தர் 1881-இல் அதே நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் விட்னிக்கு விற்றார். போட்டி நிறுவனங்கள் பலவற்றை வாங்கிய விட்னி, புடைப்பு எடுக்கவும் லேஸ் தாள் செய்யவும் இயந்திரங்களை நிறுவி, இறக்குமதித் தாளின் தேவையை நீக்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத் தாள் பற்றாக்குறையால் அவருடைய நிறுவனம் 1942-இல் மூடப்பட்டது.

கைவேலையிலிருந்து இயந்திரத்திற்கு நிகழ்ந்த இம்மாற்றத்தை, ஒன்றை மற்றொன்று வெளியிலிருந்து வந்து வீழ்த்தியதாகக் கொள்வது பொருந்தாது. வேலையைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறையும் சில மணி நேரத்தில் கற்கத்தக்கதாக்கிய அதே முறை, அக்கூறுகளை இயந்திரத்திடம் ஒப்படைப்பதையும் எளிதாக்கியது. வெட்டுவதும் ஒட்டுவதும் கைமாறிப் போனபின்னும், எந்தத் தாளோடு எந்தப் படம் சேரும் என்று தேரும் பணி மனிதரிடமே எஞ்சியது. உதிரித் துண்டுகளை வாங்கிப் பெட்டிகளில் வகைப்படுத்தி வைத்து வீட்டில் அட்டை செய்வோர் இன்று தமக்கென வைத்துக்கொள்வதும் அப்பணியையே. எஸ்தரின் பணியாளர்களுக்கோ, பெட்டி அவர்கள் கைக்கு வருமுன்பே அத்தேர்வு முடிந்துபோயிருந்தது.