நகர மேலாளர் நியமனம்

நகர மேலாளர் நியமனம் என்பது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றம், தேர்தலில் நில்லாத, நிர்வாகத்தில் தேர்ச்சியுள்ள ஒருவரைத் தேடிக் கண்டு, நகரத்தின் அன்றாட நிர்வாகம் முழுவதையும் ஒப்பந்தத்தின் பேரில் அவரிடம் ஒப்படைக்கும் நடைமுறையாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவான இந்த ஏற்பாட்டுக்கு மன்ற–மேலாளர் முறை என்று பெயர். இதில் கொள்கை வகுப்பதும் வரி விதிப்பதும் மன்றத்தின் கடமைகள். ஊழியரை நியமிப்பதும், துறைகளை மேற்பார்ப்பதும், வரவு செலவுத் திட்டத்தை உருவாக்கி மன்றத்தின் முன் வைப்பதும் மேலாளரின் கடமைகள். மேலாளருக்கு வழக்கமாக நிலையான பதவிக்காலம் கிடையாது; மன்றத்தின் பெரும்பான்மை நம்பும் வரை அவர் பதவியில் இருப்பார், நம்பிக்கை போன நாளில் வெளியேறுவார். இம்முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நகரச் சாசனங்களின், அதாவது நகரத்தின் அதிகாரங்களையும் அமைப்பையும் வரையறுக்கும் அடிப்படைச் சட்டங்களின், வாசகங்களையே ஆராய்கின்றனர். ஆனால் ஒரே சாசனத்தின் கீழ் ஒரே நகரம் சீரழிந்ததும் பின்னர் தேறியதும் மன்றம் யாரை எதற்காகத் தேர்ந்தது என்பதைப் பொறுத்தே நிகழ்ந்திருப்பதால், இம்முறையின் வரலாற்றை நியமனங்களின் வழியே பார்ப்பதே பொருத்தமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் மிக வேகமாக வளர்ந்தபோது, குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, டிராம் பாதை ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களும் ஆயிரக்கணக்கான நகராட்சி வேலைகளும் கட்சித் தலைவர்களின் கைக்குள் சென்றன. தேர்தலில் உழைத்தவருக்கு வேலையும், பணம் தந்தவருக்கு ஒப்பந்தமும் என்ற ஏற்பாட்டில், தெருவுக்குத் தளம் போடத் தெரிந்தவர் யார் என்ற கேள்விக்கு இடமே இருக்கவில்லை. அமெரிக்க அரசமைப்பை ஆராய்ந்து 1888-இல் நூல் வெளியிட்ட பிரிட்டானிய அறிஞர் ஜேம்ஸ் பிரைஸ், அந்நாட்டின் கண்கூடான தோல்வி நகர ஆட்சியே என்று கணித்தார். 1894-இல் தேசிய நகராட்சிக் கழகம் நிறுவப்பட்டு, சீர்திருத்தம் ஓர் இயக்கமாக உருப்பெற்றது. 1900 செப்டம்பரில் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுக நகரத்தைப் புயல் தாக்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபின், பழைய மன்றம் கலைக்கப்பட்டு, ஒவ்வொருவரும் ஒரு துறையை நேரடியாக நடத்தும் ஐந்து ஆணையர்களின் குழு பொறுப்பேற்றது. மீட்புப் பணியில் திறம்படச் செயல்பட்ட இந்த ஆணையர் குழு முறை பல நகரங்களுக்குப் பரவியது. எனினும் ஐந்து துறைகளுக்கும் மேலே ஒரு தலைவர் இல்லாததாலும், தேர்தலில் வெல்லும் திறமையும் துறையை நடத்தும் திறமையும் ஒருவரிடமே வாய்ப்பது அரிது என்பதாலும் அதன் குறை விரைவில் தெரிந்தது.

முதல் நியமனம் ஒரு சிற்றூரில், எந்தக் கோட்பாட்டு ஆரவாரமும் இல்லாமல் நடந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகரம், மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டியதால், மாநில அரசமைப்பின்படி மேயரையும் ஈரவை மன்றத்தையும் வைத்திருக்க வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகியிருந்தது. சாலைகள் சேறும் சகதியுமாகக் கிடக்க, பணிகள் யாவும் மன்ற உறுப்பினர்களின் குழுக்களிடையே சிதறிக் கிடந்தன. அரசமைப்பை மாற்ற முடியாத மன்றம், தன் குழுக்களின் நிர்வாக வேலைகளைத் திரட்டி ஒரு சம்பள அலுவலரிடம் தருவதற்கு 1908 ஜனவரியில் விதி இயற்றி, அதே ஆண்டு ஏப்ரலில் சார்லஸ் ஆஷ்பர்னர் என்ற பொறியாளரைப் பொது மேலாளராக ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளத்தில் அமர்த்தியது. ஆஷ்பர்னர் பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர். ஸ்டான்டனுக்குப் பிறகு ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்ட், வர்ஜீனியாவின் நார்ஃபோக், கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் என நகரம் நகரமாகச் சென்று பணியாற்றிய அவர், நகர மேலாண்மையை ஊர் கடந்து செல்லத்தக்க ஒரு தொழிலாக்கிய முதல் மனிதராவார்.

ஸ்டான்டனின் அனுபவத்தையும் ஆணையர் குழு முறையையும் இணைத்து முழு வடிவம் தந்தவர் ரிச்சர்ட் சைல்ட்ஸ் என்ற நியூயார்க் வணிகர். வாக்காளர் ஒரே நாளில் எண்ணற்ற பதவிகளுக்கு ஆள் தெரிவு செய்ய வேண்டியிருந்த நீண்ட வாக்குச்சீட்டே ஊழலின் மறைவிடம் என்று கருதிய அவர், மக்கள் சிறிய மன்றம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க, அம்மன்றம் மேலாளரை நியமிக்கும் திட்டத்தை வகுத்தார். நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரத்துக்காக 1911-இல் முன்வைக்கப்பட்ட அத்திட்டத்தை மாநிலச் சட்டமன்றம் ஏற்கவில்லை; தென் கரோலினாவின் சம்டர் நகரம் 1912-இல் ஏற்றது.

சம்டர் நகரம் அடுத்துச் செய்த செயல் தனிக் கவனத்துக்குரியது. மேலாளர் பதவிக்கு விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன என்று அது வெளிப்படையாக விளம்பரம் செய்தது. பத்தாயிரம் மக்கள் வாழும், வளர்ந்துவரும் தொழில் நகரம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சாலைத் தளம், விளக்கு, குடிநீர் ஆகிய பணிகளை மேற்பார்க்கத் தெரிந்தவர் தேவை, தேர்ந்த பொறியாளருக்கு முன்னுரிமை, எதிர்பார்க்கும் சம்பளத்தையும் முன் அனுபவத்தையும் தெரிவிக்க வேண்டும் என அது கேட்டது. கட்சியையோ சொந்த ஊரையோ பற்றி அந்த விளம்பரம் கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து சேர, அவற்றிலிருந்து வொர்த்திங்டன் என்ற பொறியாளர் தேர்ந்தெடுக்கப்பட்டு 1913 தொடக்கத்தில் பொறுப்பேற்றார். நகரத்தின் உயர் பதவி, தேர்தல் வெற்றிக்குக் கிடைக்கும் பரிசு என்ற நிலையிலிருந்து தகுதி காட்டிப் பெறும் வேலை என்ற நிலைக்கு மாறியதன் தெளிவான முதல் சான்றாக அந்தச் சிறிய விளம்பரத்தைக் கொள்ளலாம்.

இம்முறை பெரிய நகரத்தை எட்டியதும் பேரிடரின் வழியாகத்தான். 1913 மார்ச் இறுதியில் ஓஹையோவின் டேட்டன் நகரத்தையும் மயாமி ஆற்றுப் பள்ளத்தாக்கையும் வெள்ளம் சூழ்ந்து 360-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பணப்பதிவு இயந்திரங்கள் செய்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் தொழிற்சாலையின் அதிபர் ஜான் பேட்டர்சன், தம் தச்சர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான படகுகளைச் செய்து மக்களை மீட்டார். அவரும் அவரைச் சேர்ந்தோரும் முன்னின்று பரப்புரை செய்ததன் பயனாக, மன்ற–மேலாளர் சாசனத்தை வாக்காளர்கள் அதே ஆண்டில் ஏற்றனர். மேலாளர் பதவியை ஏற்குமாறு, பனாமா கால்வாயின் கட்டுமானத்தை நடத்திவந்த கர்னல் ஜார்ஜ் கோதல்ஸ் முதலில் அழைக்கப்பட்டார். அவர் மறுத்துவிடவே, சின்சினாட்டி நகரத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த ஹென்றி வெயிட் ஆண்டுக்கு 12,500 டாலர் சம்பளத்தில் 1914-இல் நியமிக்கப்பட்டார். ஸ்டான்டன் தந்ததைப்போல் ஐந்து மடங்கு சம்பளம் இது. நல்ல நிர்வாகிக்குத் தனியார் தொழில் தரும் ஊதியத்தை நகரமும் தர வேண்டும் என்ற வாதம் டேட்டனில்தான் முதன்முதலாகப் பெரிய அளவில் வென்றது.

1914 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் எட்டு மேலாளர்கள் கூடித் தொடங்கிய நகர மேலாளர் சங்கத்துக்கு ஆஷ்பர்னர் முதல் தலைவரானார். மறு ஆண்டில் தேசிய நகராட்சிக் கழகம் தன் மாதிரிச் சாசனத்தில் மன்ற–மேலாளர் முறையைச் சேர்த்தது. நியமிக்கப்படும் வேளையில் மேலாளர் அந்நகரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டியதில்லை என்ற கோட்பாடும் அதனோடு நிலைபெற்றது. 1924-இல் சங்கம் நன்னடத்தை விதிகளை வகுத்து, மேலாளர் கட்சி அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

மேலாளரை அமர்த்தியதாலேயே நகரம் தூய்மையாகிவிடாது என்பதை மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டி கடுமையான பாடமாகக் காட்டியது. 1925-இல் வாக்காளர்கள் ஏற்ற புதிய சாசனப்படி ஒன்பது பேர் கொண்ட மன்றம் அமைந்தது. அதில் ஐந்து பேர் டாம் பென்டர்காஸ்ட் என்ற கட்சித் தலைவரைச் சார்ந்தவர்கள். அந்த ஐந்து வாக்குகளால் 1926-இல் மேலாளரானவர் ஹென்றி மெக்எல்ராய். பிற்காலக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமனோடு மாவட்ட நிர்வாக மன்றத்தில் முன்பு பதவி வகித்தவர். சீர்திருத்தவாதிகள் ஒரே கையில் குவித்துத் தந்த நியமன அதிகாரம், கட்சி ஆட்களுக்கு வேலை வழங்கும் கருவியாயிற்று. தம்முடைய கணக்கை நாட்டுப்புறக் கணக்கு என்று மெக்எல்ராய் எளிமையாகச் சொல்லிக்கொண்டாலும், அதன் அடியில் பற்றாக்குறை மறைந்திருந்தது. 1939-இல் பென்டர்காஸ்ட் வரி ஏய்ப்புக்காகச் சிறை செல்ல, மெக்எல்ராயும் பதவி விலகி அதே ஆண்டில் இறந்தார்.

1940-இல் வென்ற சீர்திருத்த மன்றம் சாசனத்தைத் தூக்கியெறியவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரத்தில் மேலாளராக இருந்த குக்கிங்ஹாம் என்பவரை அழைத்துவந்தது. வெளியூரிலிருந்து வந்த, எந்த உள்ளூர் அணிக்கும் கடன்படாத அவர், தகுதி அடிப்படையில் ஊழியரை அமர்த்தி, நிதியைச் சீராக்கி, இளம் பட்டதாரிகளைப் பயிற்சியாளர்களாகச் சேர்த்து வளர்த்து, 1959 வரை பத்தொன்பது ஆண்டுகள் பதவியில் நீடித்தார். கான்சஸ் சிட்டியின் இவ்விரு நியமனங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட இம்முறையைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி இல்லை. எல்லா நகரமும் இப்படி முறையைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை; கிளீவ்லாந்து 1924-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறையைக் கட்சிப் பூசல்களுக்கிடையே 1931-இல் கைவிட்டிருந்தது.

ஒப்பீட்டுக்காகப் பிற நாடுகளின் ஏற்பாடுகளையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். ஜெர்மானிய நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேயர் பதவிக்கு விளம்பரம் செய்து, வேறு நகரங்களில் அனுபவம் பெற்றவரை மன்றம் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. அயர்லாந்தில் 1929-இல் கார்க் நகரத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, ஃபிலிப் மோனகன் முதல் மேலாளரானார். ஆனால் அந்நாட்டில் ஆளைத் தெரிவு செய்யும் பொறுப்பு நகர மன்றத்திடம் இல்லாமல் தேசியத் தேர்வு ஆணையத்திடம் இருந்தது. தமிழ் வாசகர் நன்கறிந்த மாநகராட்சி ஆணையர் பதவி இவற்றிலிருந்து வேறானது. 1865-இல் பம்பாயில் ஆர்தர் கிராஃபர்டு ஆணையராக நியமிக்கப்பட்டதும், அவர் செய்த செலவை எதிர்த்து வரி செலுத்துவோர் கிளர்ந்ததும், 1888-ஆம் ஆண்டுச் சட்டம் மாமன்றத்துக்கும் ஆணையருக்கும் உரிய அதிகாரங்களைப் பிரித்ததும் இந்திய முறைக்கு அடித்தளமிட்டன. அங்கும், பின்னர் சென்னையிலும், ஆணையரை அனுப்புவது அரசே. மாமன்றம் ஆள் தேடுவதுமில்லை, சம்பளம் பேசுவதுமில்லை. ஆகவே இந்திய ஆணையர் மாநில அரசுக்கும், அமெரிக்க மேலாளர் தம்மை நியமித்த மன்றத்துக்கும் முதன்மையாகக் கடமைப்பட்டவர்கள்.

தொடக்கத்தில் மேலாளர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள். நகரத்தின் முதன்மைத் தேவை சாலையும் சாக்கடையுமாக இருந்த காலத்தில் அது இயல்பே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, சிற்றூரில் உதவியாளராகத் தொடங்கிப் படிப்படியாகப் பெரிய நகரங்களுக்குச் செல்வது வழக்கமான பாதையாயிற்று. நெடுங்காலம் இந்தப் பாதை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதை மறைக்க இயலாது. 1970-களிலிருந்துதான் கறுப்பினத்தவரும் பெண்களும் குறிப்பிடத்தக்க அளவில் இப்பதவிக்கு வரலாயினர். சின்சினாட்டியிலும் சான் டியகோவிலும் மேலாளராக இருந்த சில்வெஸ்டர் மர்ரே, மேலாளர் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார்.

இன்றைய நியமனம் வழக்கமாகப் பல மாதங்கள் நீள்கிறது. மேலாளர் விலகியதும் மன்றம் துணை மேலாளர் ஒருவரையோ ஓய்வுபெற்ற மேலாளரையோ பொறுப்பு மேலாளராக அமர்த்துகிறது. பிறகு, உயர் பதவிகளுக்கு ஆள் தேடித் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒன்று கட்டணத்துக்கு அமர்த்தப்படுகிறது. அந்நிறுவனத்தார் ஒவ்வொரு மன்ற உறுப்பினரையும் தனித்தனியே சந்தித்து, நகரத்தின் உடனடிச் சிக்கல் எது, போன மேலாளரிடம் குறை எது என்று கேட்டறிந்து, நகரத்தின் படங்களும் சம்பள வரம்பும் அடங்கிய குறிப்பேட்டை வெளியிடுகின்றனர். விண்ணப்பித்தோரைப் போலவே, விண்ணப்பிக்காமல் வேறு நகரத்தில் நன்றாகப் பணியாற்றுவோரையும் அவர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதுண்டு. இறுதிச் சுற்றுக்கு வந்த சிலரை மன்றம் நேர்காண்கிறது. துறைத் தலைவர்களும் குடிமக்கள் குழுக்களும் அவர்களைச் சந்திக்க ஏற்பாடு செய்யப்படுகிறது. சில நகரங்களில் பொதுக்கூட்டத்தில் மக்களின் கேள்விகளுக்கு அவர்கள் மேடையிலேயே விடையளிக்க வேண்டும். மன்ற உறுப்பினர்களுக்குள் உடன்பாடு இல்லாத இடத்தில், அந்தப் பிளவு ஆள் தேடும்போதே வெளிப்பட்டு, திறமையானவர்கள் விலகிக்கொள்வதும் நடக்கிறது. நாலுக்கு மூன்று என்ற வாக்கில் வந்தவர், அடுத்த தேர்தலில் ஓர் இடம் கைமாறினால் போக வேண்டியிருக்கும் என்பதை நன்கறிவார்.

பெயர்களை எப்போது வெளியிடுவது என்பது இந்நடைமுறையின் தீராத சிக்கல். விண்ணப்பித்த செய்தி கசிந்தால் இப்போதைய பதவியில் தம் நிலை ஆட்டங்காணும் என்று வேட்பாளர் அஞ்ச, தங்களை ஆளப்போகிறவர் யார் என்று அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று பத்திரிகைகள் வாதிடுகின்றன. ஃபுளோரிடாவின் பொது ஆவணச் சட்டப்படி விண்ணப்பித்தோர் பெயர்கள் தொடக்கத்திலேயே பொதுவுக்கு வந்துவிடுகின்றன. கலிஃபோர்னியாவில் மன்றம் மூடிய அறையில் விவாதிக்கலாமெனினும், சம்பளத்தைத் திறந்த கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணி ஒப்பந்தத்தை யாரும் கவனிக்காதபோது என்ன நேரும் என்பதை லாஸ் ஏஞ்சலிஸ் அருகிலுள்ள பெல் நகரம் காட்டியது. நாற்பதாயிரத்துக்கும் குறைவான, பெரும்பாலும் உழைக்கும் ஏழை மக்கள் வாழும் அந்நகரத்தில் 1993-இல் 72,000 டாலருக்கு நியமிக்கப்பட்ட ராபர்ட் ரிஸோ, 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியபோது ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர் சம்பளம் பெற்றுக்கொண்டிருந்தார். மன்ற உறுப்பினர்களின் ஊதியமும் கூடவே பெருக்கப்பட்டிருந்ததால், தட்டிக்கேட்க வேண்டியவர்கள் வாய் திறக்கவில்லை. ரிஸோ 2014-இல் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சுமையைத் தாங்கியவர்கள் கூடுதல் வரியும் கட்டணமும் செலுத்திய அந்நகர மக்களே.

ஃபீனிக்ஸ், சான் அன்டோனியோ, டாலஸ் போன்ற பெரிய நகரங்கள் இன்றும் மேலாளர்களை நியமித்துவருகின்றன. மறுபுறம், தாங்கள் நேரடியாகத் தெரிவு செய்யாத ஒருவரிடம் இத்தனை அதிகாரம் இருப்பது முறையா என்ற கேள்வி பெருநகரங்களில் வலுத்து, ஓக்லாந்து 1998-இலும் சான் டியகோ 2006-இலும் நிர்வாக அதிகாரத்தை மேயரிடம் மாற்றின. டாலஸ் வாக்காளர்கள் அத்தகைய மாற்றத்தை 2005-இல் நிராகரித்தனர். சின்சினாட்டி இடைவழியைத் தேர்ந்தது: 2001 முதல் அங்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் மேலாளரின் பெயரை முன்மொழிய, மன்றம் வாக்களித்து அவரை அமர்த்துகிறது.