தாவர உறவும் கூடிவாழ்தலும்

நெருங்கிய உறவுள்ள தாவர இனங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்குமா, ஒத்திருந்தால் ஒரே மண்ணில் சேர்ந்து வாழ முடியுமா என்பது சூழலியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. ஒரே பேரினத்து இனங்களுக்குள்தான் போட்டி மிகக் கடுமை என்று 1859இல் எழுதினார் சார்லஸ் டார்வின். வரப்புச் சண்டை பங்காளிகளுக்குள்தானே அதிகம்! ஆனால் ஒரே மண்ணும் ஈரமும் ஒத்துக்கொள்ளும் உறவினங்கள் ஒரே இடத்தில் வேர்விடவும் செய்யும். பிற்கால ஆய்வுகள் இந்த முரணைச் சுற்றியே வளர்ந்தன.

தென்சென்னை இதற்கு நல்ல பாடசாலை. ஆல், அரசு, அத்தி மூன்றும் ஃபைகஸ் என்ற ஒரே பேரினம். பழைய சுவர் விரிசல்களில் ஆலும் அரசும் சேர்ந்தே முளைக்கின்றன; இரண்டின் பழத்தையும் குயிலும் காக்கையும் தின்று விதையைப் பரப்புகின்றன. இத்தனை ஒற்றுமைக்கு நடுவே மகரந்தச் சேர்க்கையில் மட்டும் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. ஆலுக்கு யூப்ரிஸ்டினா மசோனி, அத்திக்கு செரட்டோசோலன் ஃபூசிசெப்ஸ் என்று தனித்தனிக் குளவிகள். எள்ளைவிடச் சிறிய பெண் குளவி காயின் நுனித் துளைக்குள் நெருக்கி நுழைகையில் இறக்கை முறிகிறது. உள்ளே மறைந்திருக்கும் பூக்களில் மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகிறது.

அடையாற்று முகத்துவாரச் சேற்றில் நிற்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கதை வேறு. அதன் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். உறிஞ்சிய உப்பை அது இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. பிச்சாவரத்தில் அதனோடு வளரும் சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. இரண்டும் தாய்மரத்திலிருக்கும்போதே விதையை முளைக்கவிடுகின்றன. ஆனாலும் நெருங்கிய உறவு கிடையாது. உவர்நிலம்தான் இரண்டையும் ஒரே வாழ்க்கைக்குப் பழக்கியது.

யார் யாருக்கு உறவு என்பதே நெடுநாள் தெளிவாக இல்லை. தாவரவியலாளர் கேம்பிள் 1915இல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூல், வெண்கண்டலைத் தேக்கு, நொச்சியோடு வெர்பெனேசி குடும்பத்தில் வைத்தது. டி.என்.ஏ. ஆய்வு அதை அகாந்தேசி குடும்பத்துக்கு மாற்றியது. மயிலாப்பூர் மாட வீதியில் முழம் போட்டு விற்கும் கனகாம்பரம் இப்போது அதன் உறவு.

பூக்கும் தாவரங்களுக்கு டி.என்.ஏ. அடிப்படையிலான ஏ.பி.ஜி. வகைப்பாடு 1998இல் வந்தபின் ஆய்வு வேகம் பிடித்தது. போர்னியோ மழைக்காட்டில் அருகருகே நிற்கும் மரங்கள், தற்செயலாக அமையக்கூடியதைவிட நெருங்கிய உறவுள்ளவை என்று 2000இல் சூழலியலாளர் கேம்பல் வெப் காட்டினார். உறவினங்கள் கூடி நின்றால் தனக்கு ஒத்தவற்றை மட்டும் சூழல் வடிகட்டி நிறுத்தியது, விலகி நின்றால் போட்டி விலக்கியது என்ற வாசிப்பு 2002க்குப் பின் பரவியது. அது அவசர முடிவு. போட்டியும் உறவினங்களைக் கூட்டி நிறுத்தலாம் என்று 2010இல் சூழலியலாளர்கள் மேஃபீல்டும் லெவினும் விளக்கினர்: ஒரு குழுவே வலுவான போட்டியாளர்களாக இருந்தால் தூரத்து இனங்கள்தான் வெளியேறும்.

உறவுக்குப் பகையிலும் பங்குண்டு. நெருங்கிய இனங்களை ஒரே நோய்க்கிருமி தாக்கும் வாய்ப்பு அதிகம் என்று பனாமா காட்டில் நடந்த ஆய்வு 2007இல் காட்டியது. நம் கொல்லையிலும் இதைப் பார்க்கலாம்: பறவை எச்சம் போலத் தோன்றும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு, எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் மூன்றையும் தின்னும், மூன்றும் ரூட்டேசி குடும்பம். ஆகவே தெருவிலும் பூங்காவிலும் மரம் நடுபவர்கள் ஒரே குடும்பத்து மரங்களை வரிசையாக நிறுத்தாமல், குடும்பம் கலந்து நடுவது நல்லது.