சம்பளம் என்னும் கட்டுச்சோறு

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் போகும் நடைக் கூட்டத்தில் இருந்தேன். சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகும் சாலையில், வெயில் ஏறியதும் ஒரு புளியமர நிழலில் எல்லோரும் காலை நீட்டினோம். காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் தம் பொதியை அவிழ்த்தார். தணலில் வாட்டிய வாழையிலை, மேலே வாழைநார்க் கட்டு. உள்ளே புளிச்சோறு. முதல்நாள் விடியலில் கட்டியதாம். ஒரு பருக்கைகூட நொசநொசக்கவில்லை. சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, புளிக்காய்ச்சலைச் சுண்டவைத்துப் பிசைந்தால் இரண்டு நாள் தாங்கும். தேங்காயும் வெங்காயமும் மட்டும் கூடாது. "இலையை வாட்டாமக் கட்டுனா மடிப்புல கிழிஞ்சுரும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே எனக்கும் ஒரு கை அள்ளி வைத்தார்.

அப்போதுதான் உடன் நடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொல்லாராய்ச்சியில் இறங்கினார். சம்பா நெல்லும் அளம் என்னும் உப்பும் கூலியாகக் கொடுத்தார்கள், சம்பா சேர்ந்த அளம்தான் சம்பளம், ரோமானியர் படைவீரருக்கு உப்பைக் கூலியாகக் கொடுத்ததற்கு முன்பே தமிழன் கொடுத்தான் என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நகரத்தாரின் பழனி நடையே உப்பு வணிகத்தோடு தொடங்கியது என்பது அவர்கள் மரபு வழக்கு. அதையும் சான்றாகச் சேர்த்துக்கொண்டார். இந்த விளக்கத்தை நான் கேட்பது நூறாவது முறையாவது இருக்கும். பட்டிமன்ற மேடையில் சொல்கிறார்கள், பள்ளி ஆண்டுமலரில் அச்சிடுகிறார்கள், படித்த தமிழாசிரியர்களும் நம்புகிறார்கள். தவறு என்று ஒருவரும் எழுதாமல் விடுவதால் நான் எழுதுகிறேன்.

முதலில் புணர்ச்சி. ஆகார ஈற்றுக்கு முன் உயிர் வந்தால் வகர உடம்படுமெய் தோன்றும். சம்பாவோடு அளம் சேர்ந்தால் கிடைப்பது சம்பாவளம். நன்னூலின் முதல் வாசிப்பிலேயே தெரிவது இது. சிலர் 'சம்பு' என்று திருத்திக்கொண்டு தப்பப் பார்க்கிறார்கள். சம்பு என்றால் நீர்நிலையில் வளரும் கோரை. கோரையைக் கூலியாக வாங்கிக்கொண்டு போனவர் எவர்? அடுத்து, அளம் என்பது உப்பு விளையும் இடம். அதனால்தான் உப்பளம் என்று உப்பை முன்னே சேர்த்துச் சொல்கிறோம். வேதாரண்யத்தில் போய் ஒரு படி அளம் கொடுங்கள் என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. ரோமானியர் கதையும் நிற்காது. சாலாரியம் என்ற லத்தீன் சொல்லில் உப்பு இருப்பது உண்மை. படைவீரருக்கு உப்பையே ஊதியமாக அளந்தார்கள் என்பதற்குப் பழைய ரோமானிய நூல்களில் சான்று இல்லை. இல்லாத வழக்கத்தின் நிழலைத் தமிழின்மேல் விழவைத்து அதற்குப் பெருமைப்படுகிறோம்.

சம்பளம் எங்கிருந்து வந்தது? பதில் அந்த ஆச்சியின் மடியில் இருந்தது. வடமொழியிலும் பாலியிலும் சம்பல என்றால் வழிநடைக்குக் கட்டிய உணவு. சம்யுத்த நிகாயத்தில் புத்தர் சொல்வதாக ஒரு கொடிய உவமைக் கதை உண்டு. கணவனும் மனைவியும் ஒரே மகனோடு பாலைவழி கடக்கிறார்கள். கையில் கொஞ்சம் சம்பலம் மட்டும். பாதி வழியில் அது தீர்ந்துவிடுகிறது. பிறகு அவர்கள் பெற்ற மகனையே தின்று வழி கடந்ததைச் சொல்லி, உணவை எந்த மனநிலையில் உண்ண வேண்டும் என்று பிக்குகளுக்கு விளக்குகிறார். அங்கே சம்பலம் கூலியும் அல்ல, உப்பும் அல்ல. பாலை கடக்க எடுத்துப்போன சோறு. இந்தியில் இன்றும் சம்பல் என்றால் துணை, பற்றுக்கோடு. கன்னடத்தில் சம்பள, தெலுங்கில் சம்பளமு. இரண்டும் நம்மைப்போல ஊதியத்தையே குறிக்கின்றன. (இலங்கையில் இடியப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் மலாயிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை.)

லகரம் ளகரமாவது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லால் விடை சொல்லலாம்: கம்பளம். வடமொழியில் கம்பல, நம்மிடம் கம்பளம். சம்பல சம்பளமானதும் அதே தடத்தில்தான். இரண்டும் வழிப்போக்கன் மூட்டையில் சேர்ந்தே இருந்த பொருள்கள்: ஒன்று போர்த்திக்கொள்ள, ஒன்று தின்ன. கம்பளத்தைக் கம்பென்றும் அளமென்றும் யாரும் பிரிப்பதில்லையே. சம்பளத்தை மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

தமிழில் இந்தப் பொருளுக்குச் சொல் இல்லாமல் கடன் வாங்கினோம் என்று எவரும் நினைக்க வேண்டாம். நம்மிடம் இருந்தவை பல. ஆற்றுணா என்கிறது பழமொழி நானூறு; ஆறு என்றால் வழி, அந்த வழிக்கான உணவு. கற்றவன் எந்த நாட்டுக்குப் போனாலும் அது அவன் நாடே, ஆகையால் ஆற்றுணா வேண்டாம் என்பது அந்தப் பாட்டின் கருத்து. நாலடியார் தோட்கோப்பு என்கிறது: தோளில் கோத்துத் தொங்கவிட்ட பொதி. கூற்றுவன் ஆள் பார்த்துத் திரிகிறான், காலத்தில் தோட்கோப்பைத் தேடிக்கொள் என்று அறத்தையே கட்டுச்சோறாக்குகிறது. தம்மபதத்தின் மலவர்க்கத்திலும் இதே எண்ணம் வருகிறது: மரண வழிக்கு நீ புறப்பட்டுவிட்டாய், உன்னிடம் பாதேயம் இல்லையே என்று கேட்கிறது. பாதேயமும் வழியுணவே. சமணரும் பௌத்தரும் நடந்தே வாழ்ந்தவர்கள். வழிச்சோறு அவர்கள் பேச்சில் உவமையாகப் புகுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சைவத்தில் இது பொதிசோறு. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடும் தாகத்தோடும் நடக்கிறார். வழியில் சோலையும் குளமும் ஆக்கி, அந்தண வடிவில் பொதிசோற்றோடு காத்திருக்கிறார் சிவபெருமான். கையில் ஏந்தி வந்தது பொன்னோ மணியோ அல்ல, பொதி கட்டிய சோறு. வைணவர்களுக்கு அது கட்டமுது. கொங்கு நாட்டில் கருவுற்ற பெண்ணைத் தாய்வீட்டார் அழைத்துப்போகும் சடங்குக்கே கட்டுச்சோறு என்று பெயர். பிராமணர் திருமணத்தில் சம்பந்தி வீட்டார் ஊர் திரும்பும்போது கட்டுச்சாதக் கூடை கொடுக்கிறார்கள். திருநாவுக்கரசர் கதையிலும் இந்த இரண்டு சடங்குகளிலும் ஒருவர் வழி போகிறார், இன்னொருவர் சோறு கட்டித் தருகிறார்.

கட்டுச்சோறு சுருங்கியது சத்திரம் வந்தபின். இந்தச் சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பல நாள் அமர்ந்து செய்யும் சோம வேள்விக்கு வடமொழியில் சத்ர என்று பெயர். 'அமர்தல்' என்ற வேரில் பிறந்த சொல். வேள்வியில் சோறிட்டதால் சோறிடும் இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. குப்தர் காலக் கல்வெட்டுகளிலேயே அன்னசாலை என்ற பொருளில் வருகிறது. குடையைக் குறிக்கும் சத்திரம் வேறு. ஈழத்தில் அறுவை மருத்துவத்தைச் சத்திரசிகிச்சை என்பார்களே, அது சஸ்திரம், கருவி. மூன்று சொற்கள் தமிழ் எழுத்தில் ஒரே உருவம் கொண்டுவிட்டன. ஆங்கிலேயர் இங்கே எழுதிவைத்த 'சௌல்ட்ரி' மட்டும் சத்திரத்திலிருந்து வரவில்லை, சாவடியிலிருந்து வந்தது. தஞ்சை மராட்டியர் இராமேசுவர வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி எழுப்பிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அங்கே சாதி பாராமல் வழிப்போக்கருக்குச் சோறு போட்டார்கள், நோயாளியைப் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வழியில் மூன்று நாள் சோற்றைச் சுமக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான கேள்வி. வழிச்சோறு எப்படி மாத ஊதியமாகும்? ஆகும் என்பதற்கு நம் பேச்சிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று படி. படி என்பது அரிசி அளக்கும் முகத்தலளவை. வேலை செய்பவனுக்கு நாளுக்கு இத்தனை படி என்று அளந்தார்கள். இன்று அரசு அலுவலகத்தில் அகவிலைப்படி, பயணப்படி என்று கையெழுத்திட்டு வாங்குகிறோமே, அந்தப் படியில் ஒரு நெல்மணியும் இல்லை. இரண்டாவது பேட்டா. லாரி ஓட்டுநர் வெளியூர் போனால் பேட்டா உண்டு. பக்த என்றால் வடமொழியில் ஆக்கிய சோறு; அது பத்த, பத்தா ஆகி, படைகள் வெளியூர் போகும்போது தரும் உணவுப் பணமாகி, நம் லாரி ஓட்டுநர் கைக்குப் பேட்டாவாக வந்து சேர்ந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பக்த என்ற அதே சொல்தான் அடியாரையும் குறிக்கிறது. இரண்டுக்கும் பங்கிடுதல் என்பதே வேர். பழனிக்கு நடக்கும் பக்தனும் அவன் இலையில் விழும் சோறும் சொல்லளவில் உடன்பிறந்தவர்கள். கூலமாகிய தானியம் கூலியானதையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த விளக்கத்தில் எனக்குக் குறையில்லை.

ஆகச் சோறு பணமாவது நம் நாட்டில் புதிதல்ல. தொலைவழி போகும் ஆளுக்கு வழியுணவு கொடுத்து அனுப்பினார்கள். பிறகு உணவுக்கு ஈடாகக் காசு கொடுத்தார்கள். பிறகு வீட்டோடு இருந்து வேலை செய்தவனுக்கும் அதே பெயரில் காசு கிடைத்தது. இதைப் பரப்பியவர்கள் சாத்தர்கள், வண்டித்தொடரும் பொதிமாடும் கொண்டு நாடு கடந்த வணிகர்கள். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே அந்தச் சாத்து இருக்கிறது. சம்பலம் அவர்களோடு வடக்கேயிருந்து தெற்கே நடந்து வந்தது என்பது என் உறுதியான துணிபு. கல்வெட்டைக் காட்டு என்பவர்களுக்கு நான் கம்பளத்தையும் படியையும் பேட்டாவையும் காட்டுகிறேன். அவர்கள் சம்பாவும் அளமும் சேர்ந்து கூலியான ஒரே ஒரு பழைய வரியைக் காட்டட்டும்.

தமிழ்ச் சொல் என்று நாட்டினால்தான் தமிழுக்குப் பெருமை என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. ஆற்றுணாவையும் தோட்கோப்பையும் மறந்துவிட்டுச் சம்பளத்துக்குப் பொய்ப் பிறப்புச் சான்று எழுதுகிறோம். பள்ளிக்கூடங்களில் இனிமேலாவது பிள்ளைகளுக்குச் சம்பா, அளம் கதையைச் சொல்லாதீர்கள். ஆற்றுணா, தோட்கோப்பு என்ற இரண்டு பழஞ்சொற்களைச் சொல்லிக்கொடுங்கள். அகராதி தொகுப்பவர்களும் சம்பளம் என்ற தலைச்சொல்லின் கீழ் வழியுணவு என்ற பொருளை முதலில் அச்சிட வேண்டும். ஊதியம் இரண்டாவதாக வரட்டும்.