பயணியின் பையில் வந்த மது: பின்லாந்தின் சுங்க வரம்பும் மதுவரியும், 1919–2020

வெளிநாடு சென்று திரும்பும் பயணி வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு, பெரும்பாலான நாடுகளில் சுங்க விதிகளின் ஓரத்தில் கிடக்கும் ஒரு சிறு சலுகை. பின்லாந்தில் நிலைமை வேறு. அங்கே மதுவுக்கு வரி மிக அதிகம். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலமுள்ள வளைகுடாவைக் கடந்தால் மது மலிவாகக் கிடைக்கும் எஸ்டோனியத் தலைநகர் தாலின். கப்பலில் இரண்டு மணி நேரப் பயணம். ஆகவே பயணிக்கு விதித்த வரம்புதான் நாட்டின் மதுக்கொள்கைக்கு அரணாக நின்றது.

அந்த வளைகுடாவின் வழியே மது வருவது புதிதல்ல. பின்லாந்தில் 1919 முதல் 1932 வரை முழு மதுவிலக்கு நடப்பில் இருந்தது. அக்காலத்தில் எஸ்டோனியாவிலிருந்து எரிசாராயம் தகரக் கலன்களில் படகேறி வந்தது. கடத்தலை ஒடுக்கப் பால்டிக் கரை நாடுகள் 1925 ஆகஸ்ட்டில் ஹெல்சிங்கியில் ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டன, கடத்தல் நிற்கவில்லை. 1931 டிசம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பத்தில் ஏழு பேர் மதுவிலக்கை நீக்க வேண்டும் என்றனர். 1932 ஏப்ரல் 5 அன்று அரசின் ஏகபோக விற்பனைக் கடைகள் திறந்தன. இன்றைய ‘அல்கோ’ நிறுவனம் அவற்றின் வழிவந்தது. தடைக்குப் பதிலாக உயர்ந்த விலையும் குறைந்த கடைகளும் குடியைக் கட்டுப்படுத்தும் கருவிகள் ஆயின.

பயணிகளுக்கான சலுகை சர்வதேச அளவில் உருப்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். சுற்றுலாப் பயணிகளுக்கான சுங்க வசதிகள் குறித்து 1954இல் நியூயார்க்கில் நிறைவேறிய ஐ.நா. உடன்படிக்கை, ஒரு புட்டி ஒயினையும் கால் லிட்டர் சாராய வகையையும் வரியின்றி அனுமதிக்கச் சொன்னது. இன்றைய கண்ணுக்கு அது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். விமானப் பயணம் செல்வந்தர்க்கே உரியதாக இருந்த காலம் அது.

1995 ஜனவரி 1 அன்று பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சிக்கல் வேறு வடிவம் கொண்டது. ஒன்றியத்தின் உள் எல்லைகளில் சுங்கவரி கிடையாது. எஞ்சியது கலால் வரி மட்டுமே. தனிமனிதர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கித் தாமே சுமந்துவரும் மதுவுக்கு, வாங்கிய நாட்டில் கட்டிய வரியே போதும் என்பது 1993 முதல் அங்கு விதி. 10 லிட்டர் சாராய வகை, 20 லிட்டர் செறிவூட்டிய ஒயின், 90 லிட்டர் ஒயின், 110 லிட்டர் பீர் என்ற அளவுகள்கூட உச்சவரம்பு அல்ல. சரக்கு வணிகத்துக்கானதா எனச் சந்தேகிக்க உதவும் அடையாளங்களே. இதை அப்படியே ஏற்றால் விலைக் கட்டுப்பாடு நிலைக்காது என்று அஞ்சிய பின்லாந்தும் ஸ்வீடனும், ஏற்கெனவே உறுப்பு நாடாக இருந்த டென்மார்க்கைப் போல் தற்காலிக விலக்குப் பெற்றன. தொடக்கத்தில் பின்லாந்துப் பயணிக்குக் கிடைத்தது 1 லிட்டர் சாராயம் அல்லது 3 லிட்டர் செறிவூட்டிய ஒயின், அதனுடன் 5 லிட்டர் ஒயின், 15 லிட்டர் பீர். பின்னர் அளவுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 2003 டிசம்பர் 31 அன்று விலக்கு முடிந்தது.

இதற்கிடையே 1999 ஜூலை 1 முதல் உறுப்பு நாடுகளுக்கு இடையிலான பயணங்களில் வரியில்லா விற்பனை ஒழிந்தது. பால்டிக் கப்பல் நிறுவனங்களின் பிழைப்பே அந்தக் கடைகளில் இருந்தது. தன்னாட்சி பெற்ற ஓலாந்துத் தீவுகள் அவற்றுக்குக் கைகொடுத்தன. பின்லாந்தின் பகுதியாயினும் இத்தீவுகளை ஒன்றியத்தின் மறைமுக வரி எல்லைக்கு வெளியே வைத்திருந்தது சேர்க்கை ஒப்பந்தம். ஸ்டாக்ஹோம் செல்லும் கப்பல்கள் நள்ளிரவு கடந்த நேரத்திலும் மரியெஹாம்ன் துறைமுகத்தைத் தொட்டுச் செல்வது இதனால்தான். இறங்குவோர் சிலரே, ஆனாலும் அந்த நிறுத்தம் வரியில்லா விற்பனையைக் காப்பாற்றியது.

2004 மே 1 அன்று எஸ்டோனியாவும் ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 1 அன்று, பின்லாந்து தன் மதுவரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டது. சாராய வகைகளுக்கு 44 சதவீதம், ஒயினுக்கு 10 சதவீதம். டென்மார்க் 2003 அக்டோபரிலேயே சாராய வரியை 45 சதவீதம் வெட்டியிருந்தது. ஸ்வீடன் குறைக்கவில்லை. பின்லாந்தின் நோக்கம் விற்பனையையும் வருவாயையும் நாட்டுக்குள் தக்கவைப்பது. ஆனால் அந்த ஆண்டு மொத்த நுகர்வு ஏறத்தாழ 10 சதவீதம் உயர்ந்தது. மதுவால் நேர்ந்த மரணங்களும் பெருகின. 2005இல் உழைக்கும் வயது ஆண்களின் இறப்புக் காரணங்களில் மது முதலிடம் பிடித்தது. எல்லைக்கு அப்பாலுள்ள விலையைத் துரத்திய வரிக்குறைப்பு, அதற்கான விலையை மருத்துவமனைகளில் செலுத்த வைத்தது என்றே சொல்ல வேண்டும். 2008 முதல் அரசு வரியை மீண்டும் பலமுறை உயர்த்தியது.

அண்டை நாட்டு விலை எஸ்டோனியாவையும் விடவில்லை. அந்நாடு 2017 ஜூலையில் பீர் மீதான வரியை ஒரேயடியாக 70 சதவீதம் கூட்டியது. உடனே எஸ்டோனியர் லாட்வியாவின் எல்லை நகரான வால்காவுக்கு வண்டி கட்டினர். தாலினில் வாங்கி வந்த பின்லாந்துக்காரர்களில் சிலரும் இன்னும் தெற்கே சென்றனர். 2019 ஜூலையில் எஸ்டோனியா பீருக்கும் சாராயத்துக்கும் வரியை 25 சதவீதம் குறைக்க நேர்ந்தது. அடுத்த மாதமே லாட்வியாவும் தன் சாராய வரியைக் குறைத்தது. 2020இல் கொரோனா காரணமாகக் கப்பல் பயணங்கள் முடங்கியபோது பயணிகள் கொண்டுவரும் மது பெருமளவு வீழ்ந்து, அல்கோ கடைகளில் விற்பனை கூடியது.