வாச்சாத்தி மகளிர் சொன்ன சாட்சி

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் இதனை ஏன் எழுதுகிறோம் என்று சிலர் வினவலாம். நம் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுமை நேர்ந்தால், முதலில் எழும் பேச்சு "வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும்" என்பது. அடுத்தது, அபராதம் வாங்குவதா, செய்தவனுக்கே கட்டிவைப்பதா என்பது. அப்பெண் என்ன விரும்புகிறாள் என்று கேட்பாரைக் காண்பது அரிது. இதனை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். ஆகவேதான் எழுதுகிறோம்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினர் சிற்றூர் வாச்சாத்தி. 1992 சூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தனர், வீடுகளைச் சூறையாடினர். பள்ளிச் சிறுமி ஒருத்தி உட்பட 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுசென்று வன்புணர்ந்தனர். பின்னர் அவ்வூர்ப் பெண்களையே குற்றவாளிகளாக்கிச் சேலம் சிறையில் அடைத்தனர்.

அரசு அதிகாரிகள் இதனை அடியோடு மறுத்தனர். பழங்குடி மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் அவ்வூரைத் தேடிச் சென்றனர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் சார்பில் விசாரித்த பாமதி அம்மையார், மகளிர் கூறுவதில் உண்மை உண்டென அறிக்கை அளித்தார். 1995இல் உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கை ஒப்படைத்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். 1972இல் மராட்டிய மாநிலத்தில் காவல் நிலையத்தினுள் கொடுமைக்கு ஆளான மதுரா என்னும் பழங்குடிப் பெண்ணின் வழக்கில், அவள் உடலில் காயம் இல்லை, கூச்சலிட்டதாகவும் தெரியவில்லை என்று காட்டிக் காவலர் இருவரையும் உச்சநீதிமன்றம் 1978இல் விடுவித்தது. சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தனர். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. மதுரா தனியொருத்தி. வாச்சாத்தியிலோ பதினெண்மர்; அவர்கள் பின்னே ஓர் ஊரே நின்றது. அவர்களைக் "கெட்டுப்போனவர்கள்" என்று ஊர் தள்ளியிருந்தால், அத்தனை ஆண்டுகள் கூண்டேறிச் சாட்சி சொல்லும் துணிவு எங்கிருந்து வந்திருக்கும்? (அச்சொல்லே தவறு. கெட்டவன் செய்தவன் அல்லனோ!)

குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். தீர்ப்புக்கு முன்பே 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருள் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டனர். மேன்முறையீட்டை விசாரித்த நீதியரசர் வேல்முருகன் 2023 மார்ச்சில் அவ்வூருக்கே சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்து, பதினெண்மருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார். முப்பத்தோர் ஆண்டுகள்!

இன்று நம் பெண்கள் அவ்வளவு தனிமைப்பட வேண்டியதில்லை. 181 என்னும் எண்ணில் மகளிர் உதவி உண்டு, குழந்தைகளுக்கு 1098. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்ட உதவி, தங்குமிடம், மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கு வழி உண்டு. ஆலோசகரிடம் செல்வது பைத்தியத்துக்கு வைத்தியம் என்று நம்மவர் எண்ணுவது அறியாமை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதில்லையா? உறவினர் செய்ய வேண்டியது சிறிது: அவள் சொல்வதை நம்புதல், வருவோர் போவோர்க்கெல்லாம் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வையாமை, அவள் பெயரை ஊரில் பரப்பாமை, படிப்பை நிறுத்தாமை. பாதிக்கப்பட்டவள் பதினெட்டு வயது நிரம்பாதவளாயின், அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாதவர் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியர். பள்ளித் தலைமையாசிரியரும் அதற்கு விலக்கல்லர். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்பது அங்கே விடையாகாது.